வெள்ளைக் கொடியும் கண்டியின் கடைசி மன்னனும்

கண்டிக்குப் போகிறவர்கள் யாரும் வாவியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சுற்றுலா போகும் பாடசாலைப் பிள்ளைகள் வாவியோரத்து மதிலில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். முகில் திரள்போல் வளைந்து வளைந்து செல்லும் அந்த மதில், தலதா மாளிகையின் முன்னால் நிற்கும் பத்திரிப்புவ என்ற எண்கோண மண்டபம், வாவியின் நடுவே ஒரு சின்னத் தீவு. கண்டி என்றதும் மனதில் எழும் காட்சி இதுதான். இவற்றைக் கட்டுவித்தவன் தமிழ் பேசிய ஒரு மன்னன். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்பது அவனுடைய பட்டப் பெயர். அதற்கு முன் அவன் கண்ணுசாமி.

அவனைப் பற்றி இந்த நாட்டில் இரண்டு கதைகள் உண்டு. இலங்கையின் கடைசி மன்னன் ஒரு தமிழன் என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். குழந்தைகளைக் கொன்ற கொடுங்கோலன் என்று சிங்களப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. இரண்டும் அவனை முழுமையாகச் சொல்லவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களுக்கு என்ன நடக்கும், பிடிபட்டவனின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நடக்கும், வென்றவர்கள் ஒரு மக்கள் கூட்டத்தையே எப்படி எதிரியாக எழுதிவைப்பார்கள் என்ற மூன்று கேள்விகளும் அவனுடைய ஐம்பத்திரண்டு வருட வாழ்க்கைக்குள் கிடக்கின்றன. எங்களுக்கு அவை பழைய கேள்விகள் அல்ல.

பதினெட்டு வயதில் ஒரு சிம்மாசனம்

கண்டியில் நாயக்கர் ஆட்சி 1739இல் தொடங்கியது. அதற்கு முன்பே கண்டி மன்னர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்து வந்தார்கள். வாரிசு இல்லாமல் நரேந்திரசிங்கன் இறந்தபோது, அவனுடைய பட்டத்து ராணியின் சகோதரன் அரியணை ஏறினான். தெலுங்கு வழிவந்து தமிழ் பேசிய இந்தக் குடும்பத்தினர் பௌத்தத்தைத் தழுவி, விகாரைகளைக் கட்டி, சங்கத்தைக் காத்து ஆண்டார்கள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீட்டெடுத்தான். இன்றும் இலங்கையின் மிகப் பெரிய பௌத்த நிக்காயம் அப்போது உருவானதே. அதே மன்னனைக் கொல்ல 1760இல் பிரதானிகளும் பிக்குகளும் சேர்ந்து சதி செய்ததும் உண்டு. ஏற்பும் சந்தேகமும் அந்த அரசவையில் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

1798 ஜூலையில் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளை இல்லாமல் இறந்தான். அப்போது கண்டியின் உண்மையான அதிகாரம் மகா அதிகாரமாக இருந்த பிலிமத்தலாவையின் கையில் இருந்தது. உரிமை கோரக்கூடிய உறவினர்கள் வேறும் இருந்தார்கள். இறந்த மன்னனின் ராணி ஒருத்தியின் சகோதரன் முத்துசாமி அவர்களில் முக்கியமானவன். பிலிமத்தலாவை அவர்களை ஒதுக்கிவிட்டு, பதினெட்டு வயதுக் கண்ணுசாமியைத் தேர்ந்தெடுத்தான். இளம் பையன் சொன்னபடி கேட்பான் என்பது கணக்கு. முத்துசாமி தப்பி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

ஆங்கிலேயர் அப்போதுதான் கரையோரத்துக்கு வந்திருந்தார்கள். 1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைக் கைப்பற்றியது. ஒல்லாந்தரின் குடியேற்றங்கள் பிரான்சின் கைக்குப் போய்விடக் கூடாது என்று பிரித்தானியா முந்திக்கொண்டது. அந்த வருடம் ஓகஸ்டில் திருகோணமலையும் 1796 பெப்ரவரியில் கொழும்பும் விழுந்தன. ஐரோப்பாவில் நடந்த சண்டை ஒன்றின் அலை எங்கள் கரையில் வந்து மோதிய விதம் இது. 1802இல் அமியென்ஸ் உடன்படிக்கையோடு இலங்கைக் கரையோரம் பிரித்தானிய முடிக்கே நிலையாகச் சொந்தமானது. நடுவில் மலைகளுக்குள் கண்டி மட்டும் தனித்து நின்றது.

கண்ணுசாமியை அரியணையில் ஏற்றிய பிலிமத்தலாவையே ஆளுநர் பிரெடெரிக் நோர்த்திடம் ரகசியமாகப் பேசத் தொடங்கினான். மன்னனை அகற்ற உதவுங்கள், பதிலுக்கு நீங்கள் கேட்பதைத் தருகிறேன் என்பதே பேச்சின் சாரம். தன்னை மன்னனாக்கியவனே தன்னை விற்கப் பார்க்கிறான் என்பது இளைஞனுக்குத் தெரிய அதிக காலம் எடுக்கவில்லை. பின்னாளில் அவன் யாரையும் நம்பாமல் போனதன் வேர் இங்கே இருக்கிறது.

பாக்கில் தொடங்கிய போர்

1802இல் புத்தளத்துச் சோனக வியாபாரிகள் கண்டிப் பிரதேசத்தில் வாங்கிய பாக்கு பறிமுதல் செய்யப்பட்டது. அவர்கள் பிரித்தானியப் பிரசைகள். நட்டஈடு கேட்டு நோர்த் அனுப்பிய ஓலைகளுக்குக் கண்டி இழுத்தடித்துப் பதில் சொன்னது. போர் தொடுக்க அவருக்கு அந்தக் காரணம் போதுமாக இருந்தது.

1803 ஜனவரி இறுதியில் ஜெனரல் மக்டொவல் கொழும்பிலிருந்தும், சில நாள்களில் லெப்டினன்ட் கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டார்கள். இரண்டு படைகளிலுமாகச் சுமார் மூவாயிரம் பேர். ஆங்கிலேயர், மலாயர், இந்தியச் சிப்பாய்கள், பீரங்கி இழுக்கும் லஸ்கார்கள், சுமை தூக்கும் கூலிகள் என்று கலந்த படை. பெப்ரவரி 20ஐ ஒட்டி அவர்கள் கண்டியை அடைந்தபோது நகரத்தில் ஆள் இல்லை. மாளிகையின் சில பகுதிகள் எரிந்துகொண்டிருந்தன. மன்னன் ஹங்குராங்கெத்தவுக்குப் போய்விட்டான்.

இது கண்டியின் பழைய தந்திரம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இதில் அகப்பட்டவர்கள். நகரத்தை விட்டுக்கொடு, பாதையை மூடு, அரிசி வண்டியை மறி, மழை வரும்வரை பொறு. மீதியைக் காய்ச்சல் பார்த்துக்கொள்ளும்.

ஆங்கிலேயர் வெற்று நகரத்தில் முத்துசாமியை மார்ச் மாதம் மன்னனாக முடிசூட்டினார்கள். பதிலுக்கு அவன் நிலம் விட்டுக்கொடுக்கவும் ஒப்பந்தம் எழுதினான். ஆனால் அந்த மன்னனை வணங்க ஒரு பிரதானியும் வரவில்லை, ஒரு கிராமத்தவனும் வரவில்லை. இரண்டு மன்னர்களும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவர்கள், ஒரே மொழி பேசியவர்கள். கண்டி மக்களுக்கு அது தமிழன், சிங்களவன் என்ற தெரிவாக இருக்கவில்லை. ஒருவன் மலைக்குள் இருந்த மன்னன். மற்றவன் வெள்ளைக்காரனின் தோளில் ஏறி வந்தவன்.

ஏப்ரலில் மழை தொடங்கியது. காய்ச்சல் படையைத் தின்றது. பார்பட் நோயில் இறந்தார். மக்டொவல் ஜூன் மாதம் கொழும்புக்குத் திரும்பியபோது கண்டியில் விட்டுச்சென்ற காவற்படையின் பொறுப்பு மேஜர் அடம் டேவியின் தலையில் விழுந்தது. உதவிப்படை வரும் நிலையும் இல்லை. மே மாதம் பிரித்தானியா மீண்டும் பிரான்ஸ் மீது போர் அறிவித்திருந்தது. நெப்போலியன் கால்வாயைக் கடந்து வருவானா என்று லண்டன் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் கண்டி மலைக்குள் காய்ச்சலில் கிடந்த சில நூறு பேரை யார் நினைக்கப்போகிறார்கள்?

வட்டபுளுவ

ஜூன் 24 விடியுமுன் கண்டிப் படை மாளிகையைத் தாக்கியது. தாக்குதலை முன்னின்று நடத்தியவன் மன்னனிடம் சேவகம் செய்த ஒரு மலாய் இளவரசன். உள்ளே மாளிகையைக் காத்தவர்களில் பெரும்பாலோரும் மலாயர்தான். அந்த இளவரசன் சுவரருகே கொல்லப்பட்டான். ஆனால் சில மணிநேரத்தில் டேவியிடம் நிற்கக்கூடிய ஆட்கள் மிகக் குறைவாகவே எஞ்சினார்கள். வெள்ளைக் கொடி ஏறியது.

நிபந்தனைகள் பேசப்பட்டன. காவற்படை ஆயுதங்களோடு வெளியேறித் திருகோணமலைக்குப் போகலாம். நடக்க முடியாத நோயாளிகள் கண்டியிலேயே பராமரிக்கப்படுவார்கள். வாக்குக் கொடுக்கப்பட்டது. நோயாளிகளைப் படுக்கையில் விட்டுவிட்டு, முத்துசாமியையும் கூட்டிக்கொண்டு டேவியின் ஆட்கள் புறப்பட்டார்கள்.

கண்டியிலிருந்து சில மைல் தூரத்தில் வட்டபுளுவ. அங்கே மகாவலி கங்கை கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கடக்கப் படகு இல்லை. இரவு முழுக்க மழையில் ஆற்றங்கரையில் இருந்தார்கள். பிறகு மன்னனின் ஆட்கள் வந்து முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி முதலில் மறுத்தார், பின்னர் கையளித்தார். முத்துசாமி விசாரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். தங்களை நம்பி வந்த ஒருவனைக் கொடுத்தால் தாங்கள் தப்பலாம் என்று நினைத்தவர்களுக்கு அதுவும் உதவவில்லை. அடுத்ததாக ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னார்கள். வைத்தார்கள்.

ஜூன் 26. மலாயரும் லஸ்கார்களும் தனியே பிரிக்கப்பட்டார்கள். ஆங்கிலேய அதிகாரிகளும் படையினரும் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கண்டியில் படுக்கையில் விடப்பட்டிருந்த நோயாளிகள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களும் கொல்லப்பட்டார்கள். மலாய் அதிகாரியான கப்டன் நூறுதீன், மன்னனிடம் சேவகம் செய்ய மறுத்ததால் பின்னர் உயிரிழந்தார். பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் ஒருவர் கழுத்தில் பட்ட வெட்டோடு பிணங்களுக்குள் கிடந்து, ஆற்றைக் கடந்து, அடுத்த கோட்டைக்குப் போய்ச் செய்தி சொன்னார். அந்த ஒருவர் பிழைத்திராவிட்டால் செய்தி வெளியே வர எத்தனை நாள் ஆகியிருக்குமோ தெரியாது.

டேவி கொல்லப்படவில்லை. கண்டியில் கைதியாக ஏறக்குறைய ஒன்பது வருடம் இருந்தார். கரையோரத்துக்கு இரகசியமாகக் கடிதங்கள் அனுப்பினார். அவரை மீட்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. மீட்பு வராமலே 1812ஐ ஒட்டி அங்கேயே இறந்தார்.

கட்டளை மன்னனுடையது என்பதே பெரும்பாலான பதிவுகளின் கூற்று. பிலிமத்தலாவையின் கையும் அதில் இருந்தது என்போரும் உண்டு. ஆக்கிரமிக்க வந்த படை அது என்பதும் உண்மை. ஆனால் சரணடைந்த பிறகு அவர்கள் படை அல்ல. கொடுத்த வாக்கை மீறி, ஆயுதம் இல்லாதவர்களையும் படுக்கையில் கிடந்தவர்களையும் கொன்றது எந்த அளவுகோலால் அளந்தாலும் குற்றம். கொன்றவன் எங்கள் மொழி பேசியவன் என்பதற்காக அந்த அளவுகோலை நாங்கள் மாற்றினால், எங்கள் பிள்ளைகளுக்காக அதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு உலகத்தின் வாசல்களில் நிற்க முடியாது.

அந்த வெற்றியின் வேகத்தில் மன்னன் கரையோரத்தை நோக்கிப் படை நடத்தினான். செப்டெம்பரில் ஹன்வெல்லவில் சிறிய ஆங்கிலப் படை ஒன்றிடம் தோற்றுத் திரும்பினான். தோல்விக்காகத் தன் பிரதானிகள் சிலரையே தண்டித்தான். ஆங்கிலேயரும் சும்மா இருக்கவில்லை. எல்லைக் கிராமங்களுக்குள் புகுந்து வீடுகளையும் நெல்லையும் எரித்தார்கள். 1804இல் கப்டன் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து ஒரு சிறு படையோடு கண்டிக்குள் புகுந்து, சேர வேண்டிய மற்றப் படைகள் வராததால் சண்டையிட்டபடியே திருகோணமலைக்குத் திரும்பினார். அதன் பிறகு எழுதப்படாத ஒரு போர்நிறுத்தம். அது பத்து வருடம் நீடித்தது.

பாற்கடலும் பகையும்

அந்தப் பத்து வருடத்தில்தான் இன்றைய கண்டியின் முகம் எழுந்தது. தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பி கட்டடங்களை வடிவமைத்தான். வயல் நிலமாகக் கிடந்த பள்ளம் 1810க்கும் 1812க்கும் இடையில் அணை கட்டி வாவியாக்கப்பட்டது. கிரி முகுத என்று அதற்குப் பெயர். எங்கள் சொல்லில் பாற்கடல்.

ராஜகாரிய முறைப்படி மக்கள் கூலியின்றி வந்து வேலை செய்தார்கள். விதைப்புக்குப் போக வேண்டிய கைகள் மண் சுமந்தன. குடிமக்களிடம் முணுமுணுப்பு கிளம்பியது. பிரதானிகளின் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. மன்னன் அவர்களுடைய மாகாண அதிகாரத்தை வெட்டத் தொடங்கியிருந்தான். ஒருவர் ஆண்ட பிரதேசத்தை இருவருக்குப் பிரித்தான். சாதாரண மக்களை அவர்கள் வருத்துவதற்குக் கட்டுப்பாடு வைத்தான். பிரதானிகளின் பிடியைத் தளர்த்த முயன்ற அரசன் என்ற பக்கம் ஒன்று அவனுக்கு உண்டு என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பிலிமத்தலாவை கடைசியாக மன்னனைக் கொல்லவே ஏற்பாடு செய்தான். அது வெளிப்பட்டு 1811ஐ ஒட்டி அவன் தலை வெட்டப்பட்டது. அந்த இடத்துக்கு எஹெலேபொல வந்தான். கொழும்பில் ஜோன் டொயிலி என்ற ஆங்கில அதிகாரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களம் நன்கு கற்றவர். பிக்குகள், வியாபாரிகள், பிரதானிகளின் ஆட்கள் என்று கண்டிக்குள் அவருக்கு நூற்றுக்கணக்கான காதுகள். 1803இல் பீரங்கி செய்யாததை இந்தக் காதுகள் செய்தன. எந்தப் பிரதானிக்கு மன்னனோடு மனக்கசப்பு, யாரை இழுக்கலாம் என்பது கொழும்பில் நாள்தோறும் எழுதப்பட்டது.

1814இல் எஹெலேபொல சப்ரகமுவவில் கிளர்ச்சி செய்தான். மன்னனின் படை வர அவன் ஆங்கிலேயரிடம் தப்பி ஓடினான். அவன் குடும்பம் கண்டியில் மன்னனின் கையில் இருந்தது.

மே மாதம் அந்தக் குடும்பம் வெளியே கொண்டுவரப்பட்டது. எஹெலேபொலவின் பிள்ளைகள் தாயின் கண்முன்னே வெட்டப்பட்டார்கள். மூத்தவன் பயந்து தாயைப் பற்றிக்கொண்டபோது, இளையவன் மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்தான் என்று சிங்களப் பாடப் புத்தகங்கள் இன்றுவரை சொல்கின்றன. கைக்குழந்தையின் தலையை உரலிலிட்டுத் தாயையே இடிக்கவைத்தார்கள் என்ற விவரமும் ஆங்கிலேயர் எழுதிய கதையில் உண்டு. அந்த விவரம் எவ்வளவு உண்மை என்று வாதிடுவோர் உண்டு. குழந்தைகள் கொல்லப்பட்டதில் வாதம் இல்லை. தாய் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டாள். அன்று கண்டி நகரம் அழுதது. வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

கணவன் செய்ததற்கு மனைவியும், தகப்பன் செய்ததற்குப் பிள்ளைகளும் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தக் காலத்து ராஜத்துரோகச் சட்டம். அன்று அது பல நாடுகளின் வழக்கம். வழக்கம் என்பதால் அந்தப் பிள்ளைகளின் சாவு சிறியதாகிவிடாது.

ஒரே வருடத்தில் இரு கைதிகள்

1814 இறுதியில் கரையோர வியாபாரிகள் பத்துப் பேர் உளவாளிகள் என்று கண்டியில் பிடிக்கப்பட்டு அங்கவீனமாக்கப்பட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். மூவர் வெட்டப்பட்ட உறுப்புகளைச் சுமந்தபடி கொழும்பு வந்தார்கள். ஆளுநர் பிரவுன்றிக் காத்திருந்த தருணம் அது. 1815 ஜனவரி 10ஆம் திகதி போர் அறிவிக்கப்பட்டது. கொடுங்கோலனிடமிருந்து கண்டி மக்களை விடுவிப்பதே நோக்கம் என்று அறிவித்தார்கள். மக்களை விடுவிப்பதற்காகவே படை வருகிறது என்ற சொல்லை இலங்கையில் கடைசியாகக் கேட்டவர்கள் அந்த மலைவாசிகள் அல்ல.

இந்தமுறை பாதைகள் மூடப்படவில்லை. பிரதானிகள் ஒவ்வொருவராக மாறினார்கள். எஹெலேபொலவின் இடத்துக்கு வந்திருந்த மொல்லிகொடவும் மாறினான். பெரிய சண்டை எதுவும் இல்லாமல் பெப்ரவரி 14ஆம் திகதி ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தது. மன்னன் மறுபடியும் மலைக்குள் போனான். ஆனால் 1803இல் அவனை மறைத்த காடு இப்போது அவனுக்காகப் பேசவில்லை.

பெப்ரவரி 18ஆம் திகதி மெதமஹநுவரவுக்கு அருகில் ஒரு வீட்டில் மறைந்திருந்தபோது எஹெலேபொலவின் ஆட்கள் சுற்றிவளைத்தார்கள். மன்னனைக் கட்டினார்கள், இழுத்தார்கள், வைதார்கள். கூட இருந்த ராணிகளின் நகைகள் பறிக்கப்பட்டன. காதணிகளை இழுத்ததில் காது கிழிந்தது. டொயிலி வந்து சேர்ந்த பிறகே அவர்கள் பல்லக்கில் ஏற்றப்பட்டார்கள். சரணடைந்தவர்களுக்கு இரக்கம் காட்டாதவன் தன் பெண்கள் அவமானப்படுவதைக் கட்டுண்டு நின்று பார்த்தான். அந்தப் பெண்கள் யாரையும் கொன்றவர்கள் அல்ல.

அவன் பிடிபட்ட எட்டு நாள்களில், பெப்ரவரி 26ஆம் திகதி, நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பினான். மார்ச் 1ஆம் திகதி பிரான்சில் கால் வைத்தான். மறுநாள் கண்டியில் மன்னர் ஆட்சி எழுத்து மூலம் முடிந்தது. கண்ணுசாமி பிடிபட்டு சரியாக நான்கு மாதங்களில், ஜூன் 18ஆம் திகதி, வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான். அந்த ஒரே வருடத்தில் இரண்டு முடியிழந்தவர்கள் பிரித்தானியாவின் கையில் சிக்கினார்கள். இருவரும் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள், ஒருவர் சென் ஹெலினாவுக்கு, மற்றவர் வேலூருக்கு. முதலாமவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுக்குக் கணக்கில்லை.

ஒரு மக்களை வெளியேற்றிய வரி

1815 மார்ச் 2ஆம் திகதி மாளிகைக்கு முன்னால் உள்ள மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. பௌத்தத்தைக் காப்போம் என்ற அதன் ஐந்தாவது பிரிவைப் பற்றி இன்றும் பேசுவார்கள். இரண்டாவது, மூன்றாவது பிரிவுகளைப் பற்றிப் பேசுவது குறைவு.

இரண்டாவது பிரிவு மன்னனை நீக்கி, அவனுடைய வம்சத்தின் உரிமையை என்றென்றைக்குமாக அழித்தது. மூன்றாவது பிரிவு அவனுடைய ஆண் உறவினர் அனைவரையும், உறவினர் என்று சொல்லிக்கொள்வோரையும், அரசின் எதிரிகளாக அறிவித்தது. அனுமதியின்றிக் கண்டிப் பிரதேசத்துக்குள் வந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. அதோடு, வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் எவரும் திரும்பி வரக் கூடாது. மலபார் என்பது அன்று ஆங்கிலேயர் தமிழரைக் குறித்த சொல். குற்றம் செய்தவன் ஒருவன். தண்டனை எழுதப்பட்டது ஓர் இனத்தின் ஆண்களுக்கு.

அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட கண்டிப் பிரதானிகள் சிலரின் கையெழுத்தில் தமிழ் எழுத்துகள் இருப்பதை இன்றும் பார்க்கலாம். தமிழ் அந்த அரசவையில் அந்நியமாக இருக்கவில்லை. எஹெலேபொலவைப் புகழ்ந்து பாடப்பட்ட ஹட்டன் கவிதைகளிலும் ஆங்கிலேயரின் அறிக்கைகளிலும்தான் மன்னனின் கொடுமையும் அவனுடைய இனமும் ஒரே சொல்லாக இறுக்கப்பட்டன. கொடுங்கோல் மன்னன் என்பதிலிருந்து கொடிய தமிழ் மன்னன் என்பதற்கு ஒரு சொல்தான் தூரம்.

ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர்களும் நீண்ட நாள் மகிழவில்லை. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அதைத் தொடக்கியவன் தன்னை நாயக்க வம்சத்து இளவரசன் துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒருவன். கொடுங்கோலன் என்று எந்த வம்சத்தைத் துரத்தினார்களோ, அதே வம்சத்தின் பெயரைச் சொல்லித்தான் மக்களைத் திரட்ட வேண்டியிருந்தது. அதில் சேர்ந்த கெப்பெட்டிபொல, குளத்தில் அமிழ்த்தப்பட்ட எஹெலேபொல குமாரிஹாமியின் சகோதரன். தங்கள் கிராமங்கள் எரிக்கப்பட, குளங்கள் உடைக்கப்பட, ஊவா மக்கள் விடுதலை என்ற சொல்லின் பொருளைக் கண்டார்கள். கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் போகம்பறையில் தலை வெட்டப்பட்டான். எஹெலேபொல மொரீஷியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தான்.

வேலூர்க் கோட்டை

கண்ணுசாமி சில மாதம் கொழும்பில் வைக்கப்பட்டிருந்தான். 1816 ஜனவரி 24ஆம் திகதி ராணிகளோடும் உறவினர்களோடும் கோர்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் சென்னைக்கு அனுப்பப்பட்டான். அங்கிருந்து வேலூர்க் கோட்டை. திப்பு சுல்தானின் குடும்பத்தைப் பத்து வருடம் முன்னர்வரை அடைத்துவைத்திருந்த அதே கோட்டை. 1806இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தபிறகு அந்தக் குடும்பம் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டிருந்தது. காலியான சிறைக்கு இன்னொரு அரச குடும்பம் வந்தது. கோட்டைக்குள் அவர்கள் இருந்த கட்டடம் இன்றும் கண்டி மகால் என்றே அழைக்கப்படுகிறது.

பதினாறு வருடம். சுற்றிலும் தமிழ். அவனுடைய முன்னோர் புறப்பட்ட மண்ணுக்குப் பக்கம். ஆனால் அவன் ஊர் அது அல்ல. அவன் வாழ்க்கை கண்டி மலைகளுக்குள் இருந்தது. தாய்நாடு என்று அனுப்பப்படும் இடம் எல்லாருக்கும் ஊராக இருப்பதில்லை என்பதைத் தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

1832 ஜனவரி 30ஆம் திகதி உடல் நீர்கோத்து வீங்கும் நோயில் அவன் இறந்தான். வயது 52. பாலாற்றங்கரையில் அடக்கம் செய்யப்பட்டான். தமிழ்நாடு அரசு அங்கே கட்டிய முத்து மண்டபம் இன்றும் இருக்கிறது. அவனுடைய சிம்மாசனமும் முடியும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு 1934இல் திரும்பி வந்தன. கொழும்பு நூதனசாலையில் பார்க்கலாம். அவனுடைய அரசின் சிங்கக் கொடியை அடிப்படையாக வைத்தே சுதந்திர இலங்கையின் கொடி உருவானது. எந்தக் கொடியைக் காட்டித் தமிழர் இந்த நாட்டுக்கு உரியவரா என்று கேட்கிறார்களோ, அந்தக் கொடியைக் கடைசியாக ஏற்றிய மன்னன் தமிழ் பேசியவன்.

எஞ்சியது

மலபார் ஆண்கள் கண்டிக்குள் வரக் கூடாது என்று எழுதியவர்கள் பத்து வருடம்கூட அந்தச் சொல்லைக் காக்கவில்லை. 1820களில் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் தொடங்கியது. கூலி வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே செத்தவர்கள் போக எஞ்சியவர்கள் அந்த மலைகளில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டார்கள். அரசர்களாக வந்தவர்களைத் துரத்திய மலைக்கு, கூலிகளாக வந்தவர்கள் தேவைப்பட்டார்கள். 1948இல் சுதந்திரம் வந்த கையோடு பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1815இன் மூன்றாவது பிரிவு வேறு மையில் மீண்டும் எழுதப்பட்டதுபோல் இருந்தது.

1818இல் பிரித்தானியர் துரோகிகள் என்று அறிவித்த கெப்பெட்டிபொல போன்றோர் இன்று தேசிய வீரர்கள். வரலாற்றில் ஒருவரின் பெயர் மாறலாம் என்பதற்கு அதுவே சாட்சி. கண்ணுசாமிக்கு அப்படி ஒரு மாற்றம் வேண்டும் என்று நாங்கள் கேட்கத் தேவையில்லை. அவன் கைகளில் இரத்தம் இருந்தது. ஆனால் அந்த இரத்தத்தைக் காட்டி ஓர் இனத்தை எதிரியாக்கிய கணக்கு பொய்க் கணக்கு என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வாயால் வட்டபுளுவவில் ஆயுதம் வைத்தவர்களுக்கும், போகம்பறைக்கு இழுத்துவரப்பட்ட தாய்க்கும் பிள்ளைகளுக்கும் நடந்தது குற்றம் என்றும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கினால் இரண்டுமே நிற்காது.

அடுத்தமுறை பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப்போகிறவர்கள் வாவியோடு நின்றுவிட வேண்டாம். மகாவலிக் கரைக்குச் சிறிது தூரம்தான். நெரிசல் இல்லாத, வீடுகள் நிறைந்த சாதாரணப் புறநகர் இப்போது அது. ஆறு இன்னும் ஓடுகிறது. அங்கே நின்று, வெள்ளைக் கொடி காட்டி வந்தவர்களுக்கு 1803இல் என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள்.